ஓவியப் பீரியடைக் கணக்குக்குக் கொடுக்கலாமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் மாநகராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இவரும் உறுப்பினர். வாரத்துக்கு இரண்டு ஓவியப் பீரியட் இருந்ததில் ஒன்றை ஏற்கெனவே கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். மீதி ஒன்றையும் மாற்றிவிடலாம் என்று அடுத்த கூட்டத்தில் பேச்சு வரப்போகிறதாம். "படம் வரைஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்பதுதான் அவர் கேள்வி.

ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று வடசென்னைப் பள்ளிகளில் 26 வருடம் டிராயிங் சாராக இருந்தவன் நான். இதே கேள்வியை எச்.எம். அறையில் நின்றபடி பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். சரியான பதில் தெரியாமல் பீரியடை விட்டுக்கொடுத்த நாட்களும் உண்டு. அந்த நாட்கள் இப்போதும் உறுத்துவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், கூட்டத்தில் நீங்கள் சொல்லவே கூடாத ஒரு பதில் இருக்கிறது. "படம் வரைந்தால் கணக்கில் மார்க் ஏறும்" என்பதுதான் அது. நானும் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதற்குச் சான்று கிடையாது. அமெரிக்காவில் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சலித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஓவியம் கற்பதால் மற்றப் பாட மதிப்பெண் உயர்கிறது என்று நிறுவ முடியவில்லை என்பதே அவர்கள் கண்டது. இருவரும் கலைக்கல்விக்கு ஆதரவானவர்கள். அப்படியிருந்தும் மறைக்காமல் எழுதினார்கள். நீங்கள் மார்க்கை நம்பி வாதாடினால், மார்க் ஏறாத வருடத்தில் அதே வாதத்தை வைத்தே பீரியடைப் பிடுங்கிவிடுவார்கள்.

அதற்குப் பதிலாக இன்னொரு ஆய்வைச் சொல்லுங்கள். ஹியூஸ்டன் நகரில் 42 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் ஓவியம், இசை, நாடகம், நடனம் என்று கலை வகுப்புகளைக் கூட்டினார்கள். மாணவர்கள் 10,000 பேருக்கு மேல். 2019இல் முடிவு வந்தது. கலை கூடிய பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான பிள்ளைகளின் அளவு 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுத்துத் தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது. அடுத்தவர் படும் கஷ்டத்தை நினைத்துப் பார்க்கும் மனமும் கூடியிருந்தது. கணக்கிலும் அறிவியலிலும் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. உங்களுக்குத் தேவையான செய்தி அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. கலைக்கு நேரம் கொடுத்ததால் கணக்கு கெடவில்லை. "அந்த ஒரு பீரியட் ஓவியத்துக்குப் போனால் பிள்ளைகள் கணக்கில் பின்தங்கிவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

சரி, மார்க் ஏறாது என்றால் வேறு என்னதான் கிடைக்கிறது? என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பு. பாதிப் பிள்ளைகளுக்கு மேல் காசிமேட்டுக் கடற்கரைக் குடும்பங்கள். அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிறவர். பிறந்ததிலிருந்து நண்டோடு வளர்ந்த பிள்ளைகள். ஒருநாள் எதையும் பார்க்காமல் நண்டு வரையச் சொன்னேன். ஆறு கால் நண்டு வந்தது, எட்டுக் கால் நண்டு வந்தது, ஒரு பையன் பன்னிரண்டு போட்டிருந்தான். எல்லா நண்டுக்கும் மனுஷ முகம் மாதிரி இரண்டு கண்ணும் சிரிக்கிற வாயும் இருந்தன.

மறுவாரம் ஏழெட்டு நீலக்கால் நண்டு வாங்கிப் போய் பெஞ்சுக்கு ஒன்றாக வைத்தேன். பத்து நிமிஷம் பென்சிலைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் இரண்டு நிமிஷம் கூச்சல். அப்புறம் ஒரு அமைதி வந்தது. அதன் பிறகு ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். கால் பத்து, அதில் முதல் இரண்டு கொடுக்கு. கடைசி ஜோடிக்கால் மட்டும் கூர்மையாக இல்லை, தட்டையாகத் துடுப்புபோல இருக்கிறது. "சார், அத்த வச்சுத்தான் நீஞ்சுது!" என்று ஒரு பையன் எழுந்து நின்றுவிட்டான். கண்கள் ஓட்டுக்குள்ளே இல்லை, காம்பின் மேல் நிற்கின்றன. அப்போது பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் நண்டைத் திருப்பிப் போட்டுச் சொன்னாள்: "இது ஆம்பள நண்டு சார். அடியில மடிப்பு ஒல்லியா இருக்குது பாருங்க. பொட்ட நண்டுக்கு அகலமா இருக்கும்."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வராது. வருடம் முழுவதும் வகுப்பில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தவள். அன்றைக்கு நாற்பது பேருக்கும் அவள்தான் டீச்சர். பெஞ்சு பெஞ்சாகப் போய் ஆணா பெண்ணா என்று சொல்லிக்கொடுத்தாள். படத்துக்கு அடியில் 'கொடுக்கு', 'துடுப்பு', 'மடிப்பு' என்று பேர் எழுதச் சொன்னபோது, என்னிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டு எழுதினாள். அடுத்த மாதமே சரளமாக வாசித்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன், அப்படி நடக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லை எழுத வேண்டும் என்ற தேவை அவளுக்கு அந்த வகுப்பில்தான் வந்தது. தனக்குத் தெரிந்த ஒன்றுக்குப் பள்ளிக்கூடத்தில் மதிப்பு இருக்கிறது என்று அவள் கண்டதும் அங்கேதான்.

ஓவியப் பீரியட் எதற்கு என்று கேட்டால், என் பதில் அந்தப் பத்து நிமிஷம்தான். தினமும் பார்க்கிற ஒன்றை நாம் உண்மையில் பார்ப்பதில்லை. வரைய உட்காரும்போதுதான் எத்தனை கால், எந்தப் பக்கம் மடங்குகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணுக்குக் கேள்வி பிறக்கிறது. நம் பிள்ளைகளின் நாளில் யாரும் விடை சொல்லிக்கொடுக்காமல், தானே பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொல்லும் நேரம் வேறு எது இருக்கிறது?

மகளை டாக்டர் ஆக்க வேண்டும் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள், அவர்களுக்காக ஒன்று. யேல் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், பழைய ஓவியங்களை நிதானமாகப் பார்த்து விவரிக்கப் பழக்கினார்கள். அப்படிப் பழகியவர்கள் நோயாளியின் படத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பதில் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள் என்று 2001இல் கட்டுரை வெளியிட்டார்கள். நினைவாற்றலுக்கும் ஒன்று உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியதைவிட அதைப் படமாக வரைந்தபோதுதான் நன்றாக நினைவில் நின்றது. படம் அழகாக இருந்ததா இல்லையா என்பது அதில் கணக்கே இல்லை. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் தாளில் 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று வருகிற கேள்விக்கு, இதயத்தை மனப்பாடமாக வரைகிறவளுக்கும் பார்த்துப் புரிந்து வரைகிறவளுக்கும் உள்ள வித்தியாசம் பேப்பர் திருத்தியவர்களுக்குத் தெரியும்.

இனி இயற்கைக் காட்சிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியிலும் 'இயற்கைக் காட்சி வரை' என்றால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வருகிற ஆறு, ஓலைக் குடிசை, ஒற்றைத் தென்னைமரம், 'வி' மாதிரி நாலு பறவை. திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் எந்த மலை இருக்கிறது? அந்தப் பிள்ளைகள் பார்த்தேயிராத ஊரைக் கையால் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அதற்கு நாமும் பத்துக்கு ஒன்பது போடுகிறோம். ஓவியம் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற பெயரில் நடக்கிற பெரிய தவறு இது. பல வருடம் நானும் செய்தேன்.

பிறகு அதை நிறுத்திவிட்டு, "உன் வீட்டு வாசப்படியில் உட்கார்ந்தால் என்ன தெரியுதோ அதை வரை" என்றேன். அதற்குப் பிறகு வந்த படங்களை இன்றும் வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகள். அடிபம்புக்கு முன்னால் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று அடுக்கிய பிளாஸ்டிக் குடங்கள். தண்டவாளத்தின் ஓரம் காயப்போட்ட துணிகள். கேரம் போர்டைச் சுற்றி நிற்கிற அண்ணன்கள், அவர்கள் தலைக்கு மேல் தொங்குகிற ஒரே ஒரு பல்பு. எண்ணூரில் ஒரு பெண் ஆற்றைச் சாம்பல் நிறத்தில் அடித்திருந்தாள். "ஆறு நீலமா இருக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். "எங்க ஆறு இப்படித்தான் சார் இருக்கு, அடியில சாம்பல்" என்றாள். அதற்கு மேல் நான் திருத்தவில்லை. தன் ஊர் எப்படி இருக்கிறது என்பதைத் தன் கண்ணால் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி காகிதத்தில் வைத்த பிள்ளை அவள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றி அடுத்தவர்கள் எடுக்கிற சினிமாப் படங்கள்தான் அதிகம், பெரும்பாலும் ரத்தமும் கத்தியுமாக. தங்கள் தெருவைத் தாங்களே வரைந்து காட்ட இவர்களுக்கும் ஒரு இடம் வேண்டாமா?

உங்கள் மகள் ஏழாம் வகுப்பு என்பது முக்கியம். ஒன்றாம் வகுப்பில் போய் "யாருக்குப் படம் வரையத் தெரியும்?" என்று கேட்டால் எல்லாக் கையும் மேலே போகும். ஏழாம் வகுப்பில் கேட்டால் இரண்டு கை உயரும். இடையில் என்ன ஆனது? விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் 1947இலேயே பிள்ளைகள் வரைவதன் பருவங்களைப் பிரித்துச் சொன்னார். ஒன்பது, பத்து வயதில் பிள்ளைக்குத் தன் படம் நிஜம்போல இல்லையே என்ற குறை தெரியத் தொடங்குகிறது. கண் வளர்ந்துவிடுகிறது, கை அதற்கு எட்டவில்லை. அந்தச் சமயத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து, தூரத்தில் இருப்பது ஏன் சின்னதாகத் தெரிகிறது, உருண்டைக்கு எப்படி ஷேடு போடுவது என்று கைபிடித்துக் காட்டினால் பிள்ளை அந்தப் பாலத்தைக் கடந்துவிடும். ஆள் இல்லையென்றால் "எனக்கு வராது" என்று சொல்லிப் பென்சிலை வைத்துவிடும், பலர் ஆயுசுக்கும். சரியாக அந்த வயதில்தான் நாம் ஓவியப் பீரியடைப் பிடுங்குகிறோம்.

ஓவிய வகுப்பில் மட்டுமே கண்ணில் படுகிற சில விஷயங்களும் உண்டு. என்னிடம் படித்த ஒரு பையன் இலைக்குப் பழுப்பு அடிப்பான், செங்கல்லுக்குப் பச்சை அடிப்பான். விளையாட்டுத்தனம் என்று நினைத்து இரண்டு முறை நான் அவனைத் திட்டினேன். மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரித்துத் தெரியாது என்றார்கள். பிறவியிலேயே வருவது, பையன்களிடம்தான் அதிகம், மருந்து கிடையாது. அவன் அப்பாவுக்குப் பெரம்பூரில் ரயில்வே வேலை. மகனை ரயில் ஓட்டுநராக்க வேண்டும் என்பது அவர் கனவு. அந்த வேலைக்குக் கலர் பார்வைச் சோதனை கட்டாயம். இருபது வயதில் மெடிக்கலில் போய் இடிந்து நிற்க வேண்டியவனுக்குப் பதினோரு வயதிலேயே தெரிந்துவிட்டதால், வேறு வழி யோசிக்க அந்தக் குடும்பத்துக்குக் காலம் கிடைத்தது. அவனைத் திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். தாளில் மூக்கு இடிக்க வரைகிற பிள்ளைக்குக் கண்ணாடி தேவை என்று கண்டுபிடித்தது எத்தனை முறை என்று எனக்கே கணக்கில்லை.

கணக்கு வாத்தியாரோடு சண்டை போடவேண்டாம், அவரையும் கூட்டு சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டு வாசலில் போடுகிற புள்ளிக்கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் சிக்குக்கோலத்தைக் கணினி மொழிக் கோட்பாட்டின் விதிகளாக எழுத முடியும் என்று காட்டி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். சமச்சீர், சுழற்சி, வரிசைத் தொடர் எல்லாம் கோலத்தில் இருக்கிறது. என் வகுப்பில் பையன்களையும் உட்காரவைத்துக் கோலம் போடச் சொல்வேன். முதல் நாள் நெளிவார்கள், மூன்றாம் நாள் போட்டி போடுவார்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது கூட்டத்தில் கட்டாயம் வரும். ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. பிளஸ் டூ முடித்து நுழைவுத் தேர்வு எழுதினால் ஓவியம், சிற்பம், துணி வடிவமைப்பு, சுடுமண், விளம்பரக் கலை என்று பட்டம் படிக்கலாம். ராயபுரத்திலிருந்து ஒரு பஸ் தூரம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் டிராயிங்கில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளையும் எழுதி ஓவிய ஆசிரியராக வந்தவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர். இன்றைக்கு அனிமேஷன், கட்டட வரைபடம், நகை வடிவமைப்பு என்று இன்னும் பல வாசல் இருக்கிறது. ஆனால் நாற்பது பேரில் ஒருவரோ இருவரோதான் அந்தப் பக்கம் போவார்கள். மற்ற முப்பத்தெட்டுப் பேருக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்தக் கல்லூரிக்கு முதல் இந்தியத் தலைவராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் நிற்கிற உழைப்பாளர் சிலை. 1959இல் வைத்தது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய கடற்கரை அது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு பக்கம் உட்காரவைத்து வரையச் சொன்னேன். ஒரு சுமைத் தொழிலாளியின் மகன் ரொம்ப நேரம் வரையாமல் நின்றுவிட்டு, "எங்கப்பா மூட்டை தூக்குறப்போ கால இப்படித்தான் சார் ஊனுவார்" என்றான். எழும்பூர் அருங்காட்சியகமும் பக்கம்தான். செப்புத் திருமேனிகளின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு கையை மட்டும் வரைந்துவிட்டு வந்தாலும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதன்படிதான் தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் உயர்ந்தது, நிரந்தரம் மட்டும் ஆகவில்லை. மூன்று அரைநாளில் ஒரு பள்ளி முழுவதையும் சமாளிக்கிற அந்த ஆசிரியரிடமிருந்துதான் பீரியடையும் வாங்குகிறோம் என்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். பள்ளிப் பாடங்களுக்கான 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கலைக்கல்வி பற்றி எழுதிய அறிக்கையில், பத்தாம் வகுப்புவரை கலை கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல விஷயம், நான் வரவேற்கிறேன். ஆனால் போட்டிக்குப் போவது ஏற்கெனவே நன்றாக வரைகிற நாலு பேர். நண்டைத் திருப்பிப் போட்ட அந்தப் பெண் எந்தப் போட்டிக்கும் தேர்வாகியிருக்க மாட்டாள். அவளுக்கு வாராந்திர வகுப்புதான் வேண்டும்.

"காசு எங்கே?" என்று கேட்பார்கள். பெரிய செலவே கிடையாது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அச்சகங்கள் கழிக்கிற துண்டுக் காகிதம், ஒருபக்கம் அச்சான தாள், கேட்டால் கொடுப்பார்கள். கரிக்கட்டையும் செங்கல் தூளும் போதும். வெண்டைக்காயை வெட்டி மையில் தொட்டு அச்சுப்போடலாம். கடற்கரையில் கழித்துப்போட்ட வலையை வைத்தே என் பிள்ளைகள் ஒரு சுவர் முழுக்க மீன் செய்தார்கள்.

கூட்டத்தில் மூன்று கேட்டால் போதும். மீதி இருக்கிற பீரியடைத் தொடக்கூடாது. போன பீரியடைக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளின் படங்களை, நன்றாக வரைந்தவர்களுடையது என்று பொறுக்காமல், எல்லாருடையதையும் வராந்தாவில் ஒட்ட வேண்டும். பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மகளின் டிராயிங் நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வந்திருக்கும் பெற்றோரிடம் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, தினமும் கையில் வைத்திருக்கிற தங்கள் வீட்டுச் சாவியைப் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் கழித்துச் சாவியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேச ஆரம்பிக்கலாம்.